பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆள் இல்லாமல் கிடக்கிற வீட்டை விற்க வேண்டும், அதற்கு முன்னால் என்னென்ன செய்வது, எவ்வளவு செய்வது. வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எல்லாமே வடசென்னை வீடுகள். நான் இந்த வேலையைச் செய்வதும் இதே பகுதியில்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் அப்பா வீடு, அம்மாவும் போன பிறகு இரண்டு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். "பெயின்ட் அடிச்சு, ஒரு சோபா போட்டு, வீட்டை அழகா காட்டினா நல்ல விலை போகும்" என்கிறார் புரோக்கர். "விற்கப்போற வீட்டுக்கு எதுக்குச் செலவு?" என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, பெங்களூரு)

பதில்: உங்கள் வீட்டை யார் வாங்கப்போகிறார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் அதை முடிவு செய்யும்வரை ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்காதீர்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், சவுகார்பேட்டைப் பக்கம் பழைய தனி வீட்டைப் பார்க்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் வீட்டைப் பார்க்க வருவதே இல்லை, மனையைப் பார்க்க வருகிறார்கள். அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி முழுசாக இருக்கிறதா, முகப்பு எத்தனை அடி, தெரு எத்தனை அடி, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் பொதுச்சுவரா நம் சுவரா, இதுதான் அவர்கள் கணக்கு. இடித்துவிட்டு மூன்று தளம் எழுப்பப்போகிறவருக்கு நீங்கள் அடித்த பெயின்டும் போட்ட சோபாவும் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராது. அப்படிப்பட்டவர்தான் வாங்குவார் என்றால் உங்கள் தம்பி சொல்வது சரி. பழைய சாமான்களை வெளியேற்றி, குப்பையை அள்ளி, ஒரு சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் அளந்து வரைபடம் எடுத்து வைத்தால் போதும்.

ஆனால் குடியிருக்க ஒரு குடும்பம் வாங்கும் அளவுக்கு வீடு திடமாக இருந்தால் கதையே வேறு, அங்கே புரோக்கர் சொல்வதில் பாதி சரி. இதைத் தீர்மானிக்க நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். உங்கள் பக்கத்து வீடுகளில் நிறைய மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்திட்டுச் சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. அந்தத் தேக்குச் சட்டம் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் போகும், மழைநீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்காமல் கட்டை எதிர்த்து நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பொலபொலவென்று இறங்கினால் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள், ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கூரை ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இருக்கப்போகிற பொருள்.

மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்கள். இரண்டு வருஷம் ஆள் இல்லை என்றால் கைப்பிடிச் சுவர் இடுக்கில் கட்டாயம் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கும், அதை மேலோடு ஒடித்துவிட்டால் மறுபடி தழைத்துக்கொள்ளும், வேரோடு எடுத்துப் பூச வேண்டும்.

வேலையின் வரிசை மிக முக்கியம், காசு வீணாவது இங்கேதான். முதலில் கூரை, அடுத்து தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும், அடுத்து வயரிங், அப்புறம் சுவர்ப் பூச்சு, பட்டி, பெயின்ட், அதன்பின் தரை, எல்லாம் முடிந்த பிறகுதான் சாமான். பெயின்ட் அடித்த பிறகு பிளம்பர் வந்து சுவரை உடைப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். தண்ணீர் என்றவுடன் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் ஓடாத மோட்டார் பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும், நேராக சுவிட்சைப் போட்டால் காயில் எரிந்துவிடும், எலக்ட்ரீசியன் கையால் சுற்றிப் பார்த்த பிறகு போடட்டும். தொட்டியையும் சம்பையும் கழுவி நிரப்பி வையுங்கள். பார்க்க வருகிறவர் எந்தப் பேட்டைக்காரராக இருந்தாலும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார், நம் பக்கம் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் எந்த நேரத்தில் வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா, கேட்டால் உடனே பதில் சொல்கிற மாதிரி அக்கம்பக்கத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல தரையைக் கெடுத்து வைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு நோகிறது. உங்கள் வீட்டில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஆசிட் ஊற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பாலிஷ் போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். மொசைக் என்றால் மெஷின் பாலிஷ் போடுகிற ஆளைக் கூப்பிடுங்கள். இந்த இரண்டு தரையும் இப்போது தேடினாலும் புதிதாக நன்றாகப் போட ஆள் கிடைப்பது கஷ்டம், அது உங்கள் வீட்டின் சொத்து. பழைய தேக்குக் கதவும் அப்படித்தான், அதன்மேல் அடுக்கடுக்காக ஏறியிருக்கிற எனாமலைச் சுரண்டி எடுத்து மரத்தை வெளியே கொண்டுவந்தால் வாசலில் நிற்கிறபோதே வருகிறவர் மனசு பாதி இறங்கிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? மூன்று பேரும் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாயிற்றா? இல்லையென்றால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். வீட்டைப் பளபளவென்று ஆக்கி, பார்ட்டி பிடித்துப்போய் டோக்கன் அட்வான்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது ஒரு வாரிசு கையெழுத்து இல்லை என்றால் அவர் திரும்பி வரமாட்டார். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். தாய்ப்பத்திரம், பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, கரண்ட் பில் எல்லாவற்றிலும் ஒரு நகல் செட் போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள், அசல் யார் கையிலும் போகக்கூடாது.

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீடு ஆறு மாதமாகக் காலி. சுத்தம் செய்து, பினாயில் ஊற்றி, ஊதுபத்தி ஏற்றி எல்லாம் பார்த்துவிட்டோம். உள்ளே நுழைந்தால் சாக்கடை நாற்றம். மெயின் லைன் உடைந்திருக்குமோ?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: உடைந்திருக்க வேண்டியதில்லை, காய்ந்திருக்கும். குளியலறைத் தரையில் சல்லடைக்குக் கீழே ஒரு டிராப் இருக்கிறது, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிற மூடி. ஆள் புழங்காத வீட்டில் அது ஆவியாகிப் போய்விடுகிறது, நம் வெயிலில் சில வாரமே போதும். அப்புறம் நாற்றமும் கரப்பானும் தாராளமாக மேலே வரும். எல்லா டிராப்பிலும், வாஷ்பேசினிலும், சமையலறைத் தொட்டியிலும், கழிப்பறைக் கோப்பையிலும் இன்றைக்கே தண்ணீர் ஊற்றுங்கள். தரை டிராப்பில் தண்ணீர் ஊற்றியபின் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் அது மேலே ஆடையாகப் படர்ந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். வாரம் ஒருமுறை யாராவது போய் இதைச் செய்யவேண்டும். அதற்கும் போகவில்லை என்றால்தான் லைனைச் சந்தேகப்படுங்கள்.

ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், வருகிறவருக்கு எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், கறை போக ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டோம் என்று. தயவுசெய்து இனி ஒருபோதும் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒருநாள் ஒன்று, நன்றாகக் கழுவிவிட்டு இன்னொரு நாள் இன்னொன்று.

கேள்வி: ராயபுரத்தில் கடலுக்குப் பக்கம் வீடு. கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்துப் பெயின்ட் பொரிந்து கொட்டுகிறது. பட்டி பார்த்து மேலே பி.வி.சி. பேனல் ஒட்டிவிடலாம், ஒரு வருஷம் தாங்கும், அதற்குள் விற்றுவிடலாம் என்கிறார் பெயின்டர். செய்யலாமா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: கூடாது. வாங்கப்போகிறவர் வாழ்நாள் சேமிப்பையும் அதன்மேல் வங்கிக் கடனையும் சேர்த்துக் கொண்டுவருகிறார், அவரிடம் ஓதம் ஏறிய சுவரைப் பேனல் போட்டு மூடிக் கொடுப்பது அநியாயம். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். நீங்களே பேனல் ஒட்டி மூடிய பிறகு அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

செய்ய வேண்டியது இது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறையைப் பார்த்த பக்கம் ஈரம் படிந்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. இடுப்பு உயரம் வரைக்கும் ஒரே மட்டமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தரையிலிருந்து ஏறுகிற ஓதம் போலத்தான் தெரிகிறது, ஆனாலும் அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் ஓடுகிறதா, தெருவை உயர்த்திப் போட்டதில் வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். நம் பக்கம் தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, படி ஏறிப் போன வீடுகள் இப்போது படி இறங்கிப் போகின்றன.

உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து வாரி வெளியே கொட்டுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். அந்தச் சுவருக்கு மூச்சு விட வழி வேண்டும், சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இதற்குப் பிறகும் கொஞ்சம் ஓதம் இருக்கும், கடலோரத்தில் அது இல்லாத கீழ்த்தளம் அபூர்வம். அதை வருகிறவரிடம் நேராகச் சொல்லி, செய்த வேலையின் பில்லையும் காட்டி, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஜன்னல் கம்பிகளைத் துரு தட்டி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்துப் பெயின்ட் அடிப்பதையும் இதோடு சேர்த்து முடித்துவிடுங்கள், உப்புக் காற்றில் பிரைமர் இல்லாத பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது.

கேள்வி: திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், 750 சதுர அடி, லிஃப்ட் இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். பெயின்ட் அடித்தாயிற்று. பார்க்க வருகிற எல்லோரும் "ரூம் சின்னதா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டில் காலி வீட்டில் சாமான் போட்டுக் காட்டுவார்களாமே, நம் ஊரில் அது எடுபடுமா?
(வாசகி, காலடிப்பேட்டை)

பதில்: எடுபடும், உங்கள் வீடு அதற்குச் சரியான வீடு. இந்தப் பழக்கம் அமெரிக்காவில் 1970களில் ஆரம்பித்தது, வாஷிங்டன் மாநிலத்தில் வீடு விற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணியைத்தான் இதற்கு முன்னோடி என்று சொல்வார்கள். அங்கே இதற்கென்றே கிடங்கு நிறையச் சாமான் வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

காலி அறை ஏன் சின்னதாகத் தெரிகிறது என்றால், கண்ணுக்கு அளவு பிடிக்க எதுவும் இல்லை. வருகிறவர் நான்கு சுவரைப் பார்த்து "இதில் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா" என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, சந்தேகம் வந்தால் "இருக்காது" என்று முடிவு செய்துவிடுகிறார். உங்கள் பெட்ரூம் பத்துக்குப் பத்து என்று வையுங்கள். குயின் சைஸ் கட்டில் ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். தலைமாட்டைச் சுவரில் நடுவாக ஒட்டிப் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி, கால்மாட்டில் மூன்றரை அடி மிச்சம். பீரோ வைத்தாலும் ஒரு ஆள் நடக்கலாம். இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கட்டிலைப் போட்டுக் காட்டினால் வாதமே இல்லை. அறை பெரிதாகத் தெரியவேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே குட்டிக் கட்டில், குட்டி சோபா கொண்டுவந்து போடுவார்கள். அது வேண்டாம். குடிவந்த முதல் நாளே அவர்கள் கட்டில் இடித்துக்கொண்டு நிற்கும், உங்களைத் திட்டுவார்கள். ஒரு குடும்பம் நிஜமாகப் போடுகிற அளவிலேயே போடுங்கள், அதற்கு இடம் இருக்கிறது என்பதுதானே நாம் காட்டவேண்டியது.

எல்லா அறையையும் நிரப்ப வேண்டாம். ஹால், ஒரு பெட்ரூம், அவ்வளவுதான். இரண்டாவது பெட்ரூமில் ஜன்னலோரம் ஒரு படிக்கிற மேசையும் நாற்காலியும் வையுங்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டார் அதைப் பார்த்தவுடன் நின்றுவிடுவார்கள். ஹாலில் ஒரு சோபா, ஒரு டீப்பாய், நான்கு பேர் சாப்பிடும் மேசை. சாமானைக் கேட்பதற்கு முன் மாடிப்படியின் திருப்பத்தையும் வாசற்கதவையும் அளந்துகொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏழடி சோபாவை ஏற்றிக் கொண்டுவந்து, இரண்டாவது மாடித் திருப்பத்தில் திரும்பாமல் மாட்டி, கூலி ஆட்கள் தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பது பாவம். கழற்றி மாட்டுகிற கட்டில், இரண்டு துண்டாகப் பிரிகிற சோபா என்று கேட்டு வாங்குங்கள். படியேற்றுவதற்குத் தனிக்கூலி கேட்பார்கள், அது நியாயம், பேரம் பேசாதீர்கள். மாத வாடகைக்குத் தருகிறவர்கள் பெரும்பாலும் டெபாசிட்டும் குறைந்தது இத்தனை மாதம் என்ற நிபந்தனையும் வைப்பார்கள், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். சொந்தக்காரர் வீட்டில் சும்மா இருக்கிற நல்ல கட்டில் கிடைத்தால் அதுவே போதும், மேலே புது விரிப்பு போட்டுக்கொள்ளலாம்.

சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளாதீர்கள், ஒரு ஜாண் இடைவெளி விட்டால் அறை விசாலமாகத் தெரியும். பால்கனிக்குப் போகிற வழியை எதுவும் மறிக்கக் கூடாது. மூன்றாவது மாடியில் உங்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும், அந்த வீட்டின் பெரிய பலமே அதுதான், வருகிறவர் தடையில்லாமல் நடந்து போய் அந்தக் காற்றில் நிற்க வேண்டும்.

வெளிச்சம்தான் அடுத்தது. ஹாலில் நீலம் பாய்ந்த வெள்ளை டியூப், பெட்ரூமில் மஞ்சள் பல்பு, சமையலறையில் மங்கிப்போன பழைய விளக்கு என்று இருந்தால் வீடே ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே நிறத்தில் எல்.இ.டி. போடுங்கள், டப்பாவில் 4000 கெல்வின் என்று போட்டிருக்கும் நடுத்தர வெள்ளை நம் வீடுகளுக்கு நன்றாக இருக்கிறது. திரைச்சீலைக்கு கோடவுன் தெருவில் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம், வெளிர் நிறமாக, வெளிச்சம் ஊடுருவுகிற துணியாக. கம்பியை ஜன்னலுக்கு அரையடி மேலே, இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி அடித்தால் சீலையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுசும் திறந்திருக்கும். தேவராஜ முதலி தெருவில் ஒரு நல்ல கண்ணாடி வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். ஆனால் மாட்டுவதற்கு முன் அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள், பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாய் தெரிந்தால் வேறு சுவர்.

சமையலறையில் மேடையைக் காலியாக விடுங்கள். காஸ் சிலிண்டரை ஆள் இல்லாத வீட்டில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் வைத்து அணைத்திருந்தால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு அண்ணா சாலைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள்கூட உங்கள் பகுதியில் வீடு பார்க்கிறார்கள். அவர்களில் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள், துணி துவைக்கிற மெஷினுக்கு இடம், தண்ணீர் பாயிண்ட், பிளக் பாயிண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அதைச் செய்து வையுங்கள், சோபாவைவிட அது பெரிய விஷயம்.

கேள்வி: வீட்டில் பூஜை அறையில் சாமி படங்களை அப்படியே விடலாமா, எடுத்துவிட வேண்டுமா? அப்பா அம்மா படத்துக்கு மாலை போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: எடுத்து உங்களோடு கொண்டுபோய் விடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லாமல் சாமி படமும், பெற்றவர்கள் படமும் தனியாக இருக்க வேண்டாம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் பகுதியில் வீடு பார்க்க வருகிறவர் மசூதிக்குப் போகிறவராக இருக்கலாம், புனித பேதுரு கோவிலுக்குப் போகிற மீனவக் குடும்பமாக இருக்கலாம், ஜைனராக இருக்கலாம், வடிவுடையம்மனைக் கும்பிடுகிறவராக இருக்கலாம். அந்த அலமாரியில் தாங்கள் எதை வைப்போம் என்று அவர்கள் யோசிக்க இடம் விடுங்கள். மாடத்தைத் துடைத்து, சுத்தமாக, வெறுமனே வையுங்கள். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் வருகிறவர் குரல் தாழ்ந்துவிடும், பார்த்தும் பார்க்காமலும் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். படத்தை எடுத்தபின் சுவரில் தெரிகிற சதுரத் தடத்தையும் ஆணி ஓட்டையையும் மறக்காமல் பட்டி வைத்து மூடுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் வீடு. மழைக்குத் தண்ணீர் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2015இலும், 2023 மிக்ஜாம் புயலிலும் உள்ளே வந்தது. என்ன சொல்வது?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: வந்தது, இவ்வளவு உயரம் வந்தது, இத்தனை நாளில் வடிந்தது என்று சொல்லுங்கள். அந்தத் தெருவில் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடப் போகிறார்கள், நீங்கள் மறைத்தது தெரிந்தால் நீங்கள் சொன்ன நல்லதையும் நம்பமாட்டார்கள். அதோடு நிற்காமல், பிளக் பாயிண்டுகளையும் மீட்டர் பெட்டியையும் தண்ணீர் வந்த மட்டத்துக்கு மேலே மாற்றிவிடுங்கள். சம்ப் மூடியை இறுக்கமாக, தரை மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள், வெள்ளத்தில் சாக்கடை கலப்பது அந்த வழியாகத்தான். இதெல்லாம் நிஜமான மேம்பாடு, கேட்கிற விலைக்கு ஒரு நியாயமும் இருக்கும்.

கேள்வி: மாடுலர் கிச்சன் போட்டுவிட்டு விற்றால் போட்ட காசு திரும்புமா? வாஸ்துவுக்காகக் கழிப்பறையை இடம் மாற்றலாமா?
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். புதிதாக வருகிறவர் தன் ருசிக்கு அதைப் பெயர்த்துப் போட்டுவிடுவார். வாஸ்து பார்க்கிறவர் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள், யார் சொல்வதற்கு என்று மாற்றுவீர்கள்? இருக்கிற சமையல் மேடையின் கல்லைத் தேய்த்து, குழாயை மாற்றி, உடைந்த டைல்ஸை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டை வீடு. எல்லா வேலையும் முடிந்துவிட்டது. எப்போது காட்ட ஆரம்பிப்பது, யார் காட்டுவது? நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில்.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஆடியில் வேலையை முடித்து ஆவணியில் காட்டுவதுதான் நல்லது. ஆடியிலும் மார்கழியிலும் அட்வான்ஸ் கொடுக்க நிறையப் பேர் தயங்குவார்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே வேறு மாதிரி இருக்கும். அதைத் தவறவிட்டால் தை.

படம் எடுப்பதைப் புரோக்கர் கையில் இருக்கிற போனுக்கு விட்டுவிடாதீர்கள். காலையில் வெளிச்சம் நன்றாக விழுகிற நேரத்தில், எல்லா விளக்கையும் போட்டு, அறை மூலையில் நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து, நேராக எடுக்கச் சொல்லுங்கள். அறையை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிற அகல லென்ஸ் வேண்டாம், படத்தில் பார்த்து ஆசையோடு வந்தவர் நேரில் ஏமாந்து போனால் அந்த முகம் மறுபடி மலராது.

காட்டுவதற்கு உங்கள் ஆள் ஒருவர் அந்தப் பகுதியிலேயே வேண்டும். அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் நல்லது, இல்லையென்றால் நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், அவர் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள். பார்ட்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் ஜன்னலைத் திறந்து, விசிறி போட்டு, குழாயில் தேங்கிய பழுப்புத் தண்ணீரை ஓடவிட்டு, வாசலைத் தெளித்துப் பெருக்கி ஒரு சின்னக் கோலம் போடவேண்டும். வந்தவர்கள் பார்க்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு பேசக்கூடாது. கணவனும் மனைவியும் தனியாக ஒரு அறையில் நின்று பேச விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும்.

பூட்டிய வீடு என்று உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், காலி வீட்டில் மோட்டாரும் செம்பு வயரும் பித்தளைக் குழாயும்தான் முதலில் காணாமல் போகும். தொட்டி, சம்ப் மூடிகள் மூடியே இருக்கட்டும், கொசுப்புழு இருக்கிறதா என்று மாநகராட்சி ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே என்று கரண்ட் பில் கட்டாமல் விட்டு இணைப்பைத் துண்டிக்க விடாதீர்கள், சாமானையும் உடனே ஏற்றிவிடாதீர்கள். வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார், வாங்குகிறவரின் மாமியார் வருவார், அண்ணன் வருவார். பத்திரம் பதிவாகும் நாள்வரைக்கும் வாரம் ஒருமுறை வீட்டைத் திறந்து, டிராப்பில் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் பூட்டுங்கள். பதிவன்று காலையில் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, சாவி எல்லாவற்றிலும் எந்தக் கதவு என்று சீட்டு எழுதிக் கட்டிக் கொடுங்கள்.